பழைய வீட்டைத் திருத்தப் போகிறவர்களுக்கு, இலங்கை மலையகத்தின் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து

பின்பக்கச் சமையலறைக்கான கட்டட அனுமதி ஒருவழியாகக் கைக்கு வந்தது. கடிதத்தைப் பார்த்ததும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவ்வளவு அலைச்சல்.

வீடு தாத்தா வாங்கியது. கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், மேலே தகரம். கூரையை மாற்ற வேண்டும், சுவர்ப் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும், இடிந்து நின்ற சமையலறையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கட்ட வேண்டும். இவ்வளவுதான் எங்கள் திட்டம்.

தொடங்கும் முன்பே உள்ளூராட்சி அலுவலகத்தில் கேட்டோம். "பழைய வீட்டைத் திருத்துவதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை" என்று முன் மேசையில் இருந்தவர் சொல்லி அனுப்பிவிட்டார். சமையலறையைப் பெரிதாக்குவதையும், அதற்காகப் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டவேண்டி இருப்பதையும் தம்பி விளக்கமாகவே சொன்னான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலை தொடங்கி, கூரையில் பாதியைக் கழற்றிய பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்தார். இரண்டு நாளில் வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது.

கடிதம் முழுக்கச் சிங்களம். "எல்லா வேலையையும் நிறுத்தச் சொல்லியிருக்காங்க" என்று பக்கத்துக் கடைக்காரர் வாசித்துச் சொன்னார். கட்டட வேலை செய்த பாஸ்மார் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது செப்டெம்பர் மாதம். எங்கள் ஊவாப் பக்கம் ஒக்டோபர் நடுவில் மழை பிடித்தால் ஜனவரி வரை விடாது. திறந்து கிடந்த அறைகளுக்கு மேல் படங்கு கட்டிவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தோம்.

அப்போதுதான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரான எங்கள் மாமா, "தமிழில் ஒரு பிரதி தரச் சொல்லி எழுதிக் குடு" என்றார். பண்டாரவளை, ஆப்புத்தளை உட்பட பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழில் கடிதம் கேட்பது நமது உரிமை, யாரும் செய்யும் உதவி அல்ல. முகத்தைச் சுளித்தார்கள், இழுத்தடித்தார்கள், ஆனாலும் தந்தார்கள். வாசித்துப் பார்த்தால், நிறுத்தச் சொன்னது பின்பக்கக் கட்டுமானத்தையும் மண் வெட்டுவதையும் மட்டும்தான்! கூரையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மறுநாளே பாஸைக் கூப்பிட்டு, மழைக்கு முன் கூரையை முடித்துவிட்டோம். புரியாத மொழியில் கடிதம் வந்தால் யாரோ வாசித்துச் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சமையலறைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். 2011ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்குப் பிறகு மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் இது நடைமுறை. முதல் நாள் கேட்டபோதே இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நாள் மிச்சமாகியிருக்கும்! அறிக்கை கேட்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயன் வீடுகளோடு மண்ணுக்குள் போனவர்கள் நம்மவர்கள். இங்கே யாரும் அதை மறக்கவில்லை.

அந்த அறிக்கைக்காகப் பதுளைக்கு ஒருமுறை போய் வெறுங்கையோடு வந்தோம். காணி உறுதியிலும் அடையாள அட்டையிலும் அப்பாவின் பெயர் வேறு வேறாக இருந்தது. பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்கள் மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. ஆகவே முதலிலேயே இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, சோலை வரி (வீட்டு வரி) பற்றுச்சீட்டு, நில அளவை வரைபடம் ஆகியவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கைக்காக இடத்தைப் பார்க்க வந்த அதிகாரி நல்ல மனிதர். மேட்டில் ஏறி, நீர் எங்கே கசிகிறது, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பொறுமையாகப் பார்த்தார். மேட்டுக்கும் சுவருக்கும் இடைவெளி விட வேண்டும், மேட்டின் தலைப்பில் வடிகால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், தடுப்புச் சுவரில் நீர் வெளியேறத் துளைகள் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். துளை வைக்காத சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கி, அந்த அழுத்தத்திலேயே சுவர் தள்ளுண்டு விழும் என்றார். செலவு கூடியது, சமையலறை சிறுத்தது. பரவாயில்லை, இப்போது மழை கொட்டினாலும் அம்மா உள்ளே நிம்மதியாகச் சமைப்பார்.

சுவர்ப் பூச்சைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பணம் வீணானது அங்கேதான். முதலில் வந்த பாஸ் முன் அறையில் பழைய சுண்ணாம்பைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசினார். "இதுதான் உறுதி" என்று அடித்துச் சொன்னார். முதல் மழையிலேயே பெயின்ட் கொப்புளித்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு தெமோதரைப் பக்கத்திலிருந்து வயதான ஒரு மேசன் வந்து பார்த்தார். "தங்கச்சி, கல்லுச் சுவர் ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்பு அதை வெளிய விடும். சீமெந்து போட்டா ஈரம் போக வழி ஏது?" என்றார். அத்தனையையும் உடைத்தெடுத்து, நன்றாக ஊறவைத்த சுண்ணாம்பில் மறுபடி பூசினோம். காய நாள் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண்; சுண்ணாம்பே அடியுங்கள்.

காலமும் முக்கியம். அட்டன், தலவாக்கலைப் பக்கத்தவர்களுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும். எங்கள் பக்கம் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை மழை குறைந்த காய்ந்த காலம்தான், ஆனால் கச்சான் காற்று தகரத்தைக் கையில் பிடிக்க விடாது. அதனால் மண் வேலையையும் சுவர் வேலையையும் அப்போது முடித்து, காற்று அடங்கியதும் கூரையில் ஏறுங்கள்.

அனுமதித்தபடியே கட்டியிருக்கிறோம் என்பதற்கான இணக்கச் சான்றிதழ் இன்னும் வாங்க வேண்டியிருக்கிறது. வடிகாலையும் சுவர்த் துளைகளையும் கட்டும்போதே திகதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறோம். அலுவலகத்தில் யார் என்ன சொன்னாலும் இப்போது எழுத்தில்தான் கேட்கிறோம், பிரதியில் அவர்களுடைய முத்திரையும் வாங்கிக்கொள்கிறோம்.