கள்ளு மணம் அடித்த மாவு

"மக்ளே, இதுல கள்ளு மணம் அடிக்குல்லா?"

பிரெட்டுக்குப் பிசைந்து வைத்த மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் அம்மா கேட்டாள். மதுரையில் மே மாதம், மத்தியானம் 2 மணி. செய்முறையில் மாவு உப்ப ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தது. ஒரு நிமிடம் குறையாமல் காத்திருந்தேன். உள்ளே மாவு பொங்கி ஏறி, நடுவில் அமுங்கிக் கிடந்தது. மனசு கேட்காமல் அதையும் டின்னில் போட்டுச் சுட்டேன். மேலே தட்டை, உள்ளே ஒரே புளிப்பு.

அம்மாவுக்கு நாகர்கோவில். அவள் சின்ன வயசில் ஆப்பமாவைக் கள்ளு ஊற்றித்தான் புளிக்க வைப்பார்களாம். கள்ளைப் பொங்கவைப்பதும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்தான். கோவாவில் பிரெட்டுக்கே கள் ஊற்றிப் பிசைந்திருக்கிறார்கள். மாவில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று, கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் விடுகிறது. வாயுவால் மாவு உப்புகிறது. அளவு தாண்டிப் புளித்தால் ஆல்கஹால் வாடை தூக்கலாகி, வாயுவைப் பிடித்துவைக்க முடியாமல் மாவு தளர்ந்து விழுந்துவிடுகிறது. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா சொன்னது ஒன்றுதான்: "ஆப்பமாவுக்கு வெயிலப் பாப்போம், கடிகாரத்தையா பாப்போம்?"

அந்த ஒன்றரை மணி நேரம் குளிர்ந்த ஊர்க்காரர் எழுதிய கணக்கு. அவர் சமையலறை 22 டிகிரி இருந்திருக்கலாம். என்னுடையது அன்றைக்கு 34.

இதற்கு முந்தைய முயற்சி வேறு மாதிரி கெட்டது. டிரை ஈஸ்டை வெந்நீரில் போடச் சொன்னார்களே என்று காபிக்குக் கொதித்த தண்ணீரை லேசாக ஆற்றி ஊற்றிவிட்டேன். 60 டிகிரியை நெருங்கினாலே ஈஸ்ட் செத்துப்போகும். மூன்று மணி நேரம் வைத்தும் மாவு அசையவில்லை. இப்போது விரலை விட்டுப் பார்க்கிறேன். சூடு தெரியாத வெதுவெதுப்பு இருந்தால் போதும். ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் மேலே நுரை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த ஈஸ்டை நம்பி மைதாவை வீணாக்காதீர்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று தனியாக விற்பதை நேரே மாவிலேயே கலக்கலாம். எதுவானாலும் பாக்கெட்டைப் பிரித்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாதது பிசைவது. சப்பாத்தி பிசைந்து பழகிய கை, மாவு ஒட்டினால் உடனே வறட்டு மாவைத் தேடும். நானும் தூவித் தூவிப் பிசைந்தேன். ரொட்டி செங்கல் மாதிரி வந்தது. பிரெட் மாவு முதலில் ஒட்டத்தான் செய்யும். தூவாமல், உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பித் தள்ளிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்துக்கொண்டால் அதுவே கையை விட்டு வரும். கோதுமைப் புரதம் தண்ணீரோடு சேர்ந்து வலைபோல் பின்னிக்கொள்ளும் நேரம் அது. ஒரு துண்டைக் கிள்ளி இரு கையாலும் மெதுவாக விரித்தால், கிழியாமல் ஜன்னல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அளவைத் தம்ளரில் எடுப்பதையும் விட்டுவிட்டேன். 300 கிராம் மைதா, 190 மில்லி தண்ணீர், 3 கிராம் ஈஸ்ட், 5 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 20 கிராம் வெண்ணெய். வெண்ணெய் கடைசியில், பாதி பிசைந்த பிறகு. உப்பைக் குறைக்க வேண்டாம்; ருசிக்கு மட்டுமல்ல, ஈஸ்டின் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான்.

பிசைந்த மாவை நேராக நிற்கும் கண்ணாடி டப்பாவில் போட்டு, இரண்டு மடங்கு உயரத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுகிறேன். மாவு அதைத் தொட்டதும் எடுத்துவிடுவேன். கோடையில் 40 நிமிடம் போதும், மார்கழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்றை அமுக்கி வெளியேற்றி, சுருட்டி, டின்னில் வைத்து மறுபடி உப்பவிட வேண்டும். விரல் நுனியால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் மேலே வர வேண்டும். சட்டென்று எழுந்தால் இன்னும் பொறுக்கணும். எழவே இல்லையென்றால் நேரம் தாண்டிவிட்டது. ஓ.டி.ஜி. என்கிற கரண்ட் அவனை முன்பே சூடாக்கி, 200 டிகிரியில், மேல் கீழ் கம்பி இரண்டும் போட்டு 30 நிமிடம். டின்னிலிருந்து கவிழ்த்து அடியில் தட்டினால் வெற்றுப் பானை மாதிரி சத்தம் வரும்.

சூட்டோடு வெட்டாதீர்கள். மணத்துக்கு மயங்கி நான் வெட்டிய ரொட்டி கத்தியில் பசையாக ஒட்டியது. வெந்தது சரிதான், உள்ளே ஆவி அடங்கவில்லை. இப்போது கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறவிடுகிறேன்.

இன்றைக்கு முதல்முறையாகப் பாதிக்குப் பாதி மில்லில் அரைத்த கோதுமை மாவு போட்டிருக்கிறேன். தவிடு தண்ணீர் இழுக்கும் என்று 20 மில்லி கூடுதலாக ஊற்றினேன். 50 நிமிடம் ஆகிறது. மாவு இன்னும் ரப்பர் பேண்டைத் தொடவில்லை. அம்மா இரண்டு தடவை மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.