இல்லாத உரையை மேற்கோள் காட்டினேன்

கோடை விடுமுறைக்கு எங்கள் வகுப்பில் கொடுத்த கட்டுரைத் தலைப்பு 'சிலப்பதிகார வஞ்சி எங்கே இருந்தது?' வஞ்சி சேரர்களின் தலைநகர். பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைக்காரனுக்கு இது பங்காளிச் சண்டை மாதிரி. வாளையாருக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் கேட்டால் கொடுங்கல்லூர் என்பார்கள். சோதனைச்சாவடி தாண்டித் தமிழ்நாட்டில் கேட்டால் கரூர் என்பார்கள். எனக்கு மலையாளமும் படிக்கத் தெரியும் என்பதால் குழப்பம் இரட்டிப்பானது.

முதல் வரைவை இரண்டே நாளில் முடித்தேன். இணையத்தில் பத்துப் பக்கங்கள் பார்த்ததில் ஏழில் ஒரே பத்தி, அதே எழுத்துப்பிழையோடு. அதிலிருந்து எடுத்து, 'வஞ்சிக் காண்ட உரையில் அடியார்க்குநல்லார் கூறுவதுபோல' என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் சிலப்பதிகாரத்தின் பழைய உரையாசிரியர். ஆசிரியை ஓரத்தில் பென்சிலால், "இந்த உரை எங்கே கிடைத்தது? எனக்கும் ஒரு பிரதி வேண்டும்" என்று எழுதித் திருப்பித் தந்தார். பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்!

அடியார்க்குநல்லார் உரை வஞ்சிக் காண்டத்துக்குக் கிடைக்கவே இல்லை. மதுரைக் காண்டத்திலேயே நின்றுவிடுகிறது. வஞ்சிக் காண்டத்துக்கு, அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய அரும்பதவுரைதான் துணை. உ.வே.சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட பதிப்பில் இரண்டு உரைகளும் உண்டு. அதைப் புரட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால் இப்போது மூலநூலில்தான் தொடங்குகிறேன். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு ஒரு சொல் எந்தக் காதையில் வருகிறது என்று தேட மிக வசதி. ஆனால் அது தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தது. வரி கிடைத்ததும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய அச்சுப் பதிப்பின் படத்தைத் திறந்து ஒப்பிட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளம். அங்கே தேடுவதற்குப் பொறுமை வேண்டும். தலைப்புகள் சில தமிழ் எழுத்தில் இருக்கும், சில ரோமன் எழுத்தில். வஞ்சியை ரோமன் எழுத்தில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு வேண்டியவை வந்தன. ஆய்வேடு பெரும்பாலும் இயல் இயலாகப் பிரிந்த கோப்புகளாக இருக்கும். நான் துணைநூற்பட்டியலைத்தான் முதலில் இறக்குவேன். மூன்று நான்கு ஆய்வேடுகளின் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் நூல் எதுவோ, அதைத் தேடிப் போகலாம். பட்டியலே மெலிந்திருந்தால் அந்த ஆய்வேட்டை மூடிவிடலாம். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் மதியம் கைபேசி அடுப்புக்கல் போலக் கொதிக்கும். இந்த வேலையெல்லாம் வாசகசாலைத் திண்ணையில் மாலை ஐந்துக்கு மேல்தான்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது வேறொன்று. நல்ல சான்று கையில் இருந்தும் அது நம் கேள்விக்கு விடை சொல்லாமல் போகலாம். கொடுங்கல்லூருக்குப் பக்கத்தில், வடக்கன் பறவூர் அருகே பட்டணம் என்ற ஊரில் 2007இல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் அகழாய்வைத் தொடங்கியது. ரோமானிய ஆம்போரா சாடித் துண்டுகள் கிடைத்தன. அதை வைத்து, கொடுங்கல்லூர்தான் வஞ்சி என்று முடித்துவிடுகிற கட்டுரைகளைப் படித்தேன். ஆனால் பட்டணத்தை வைத்து நடக்கும் விவாதம் சேரர்களின் பழைய முசிறித் துறைமுகத்தைப் பற்றியது. துறைமுகம் கிடைத்தால் தலைநகரும் கிடைத்ததாகுமா? கரூர்க் கட்சியும் சளைத்ததில்லை. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு கோ ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோன், பேரன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரரைச் சொல்கிறது. சமணத் துறவிக்குக் குகைத்தளம் செய்து கொடுத்த செய்தி அது. சேரர் ஆட்சிக்கு அருமையான சான்று. ஆனால் 'வஞ்சி' என்ற சொல் அதில் இல்லை. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு நூலில் வாசகத்தைப் பார்த்த பிறகு, கரூர்க் கட்சிக்காக நான் எழுதிய ஒரு பக்கத்தை அடிக்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் வலித்தது.

முதல் வரைவில் இருபத்தாறு மேற்கோள்கள். ஜூனில் கல்லூரி திறந்தபோது கொடுத்ததில் பதினொன்று. ஆசிரியை மறுபடியும் பென்சிலை எடுத்திருந்தார். அரும்பதவுரை மேற்கோளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி: "பக்க எண்?"