அஞ்சும் ஆறும் இல்லாத நாவல்

ஆர். ஏ. லாஃபர்ட்டியைப் பிடிக்கும் என்று யாரிடமாவது சொன்னால், "யாரு?" என்று கேட்பார்கள். அறிவியல் புனைகதை படிக்கிறவர்களே அப்படித்தான் கேட்பார்கள். மனிதர் அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் துல்சாக்காரர். மின்சாதனங்கள் விற்கும் தொழிலில் இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதை ஒட்டித்தான் எழுத்தில் இறங்கினார். 1973இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் வாங்கினார். எண்பதுகளில் பெரிய பதிப்பாளர்கள் மெல்ல நழுவிவிட, அதற்கப்புறம் அவரைத் தாங்கியவை சின்னச் சின்னப் பதிப்பகங்கள்தான். என்னைப் பிடித்த சனியனும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அயோவாவின் போல்க் சிட்டியிலிருந்து கிறிஸ் டிரம் என்பவர் லாஃபர்ட்டியைக் குட்டிக் குட்டிப் புத்தகங்களாகப் போட்டார். நடுவில் பின் அடித்து, கந்தர் சஷ்டி கவசம் மாதிரி ஒல்லியாக இருக்கும். அதில் 'மை ஹார்ட் லீப்ஸ் அப்' என்ற நாவலை மட்டும் இரண்டிரண்டு அத்தியாயமாகப் பிரித்து, 1986 முதல் 1990 வரை ஐந்து புத்தகங்களாக விட்டார். என்னிடம் நாலு இருக்கிறது. அஞ்சாம், ஆறாம் அத்தியாயங்கள் மட்டும் இல்லை.

டாலஸில் எங்கள் வீட்டுக்கு அத்தை வந்திருந்த சமயம் அது. ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்தவருக்கு, நான் ராத்திரியெல்லாம் பழைய புத்தகத் தளங்களைத் துழாவுவது வேடிக்கையாகிவிட்டது.

"இத்தனூண்டு புத்தகத்துக்கு நாப்பது டாலரா மாப்பிள்ளை?"

"நடுவுல ரெண்டு அத்தியாயம் இல்ல அத்தை."

அவ்வளவுதான், முகமே மாறிவிட்டது. கும்பகோணத்தில் அவர் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைப்பாராம். ஒரு வாரப் பக்கங்களை யாரோ பட்சணம் மடிக்க எடுத்துவிட, தெருவில் வீடு வீடாகப் போய்த் தேடியிருக்கிறார்கள். இந்த வீட்டில் என் வியாதியைப் புரிந்துகொண்ட முதல் ஆள். (இரண்டாவது ஆள் இல்லை. என் மனைவி அந்தப் பேச்சை எடுத்தாலே துணி மடிக்கப் போய்விடுவாள்.)

உற்சாகத்தில் லாஃபர்ட்டியின் 'நைன் ஹண்ட்ரட் கிராண்ட்மதர்ஸ்' கதையை அத்தைக்குச் சொன்னேன். ஒரு குறுங்கோளில் யாருமே சாவதில்லை. வயதாக ஆகப் பாட்டிகள் சின்னதாகிக்கொண்டே போய், வீட்டுக்கு அடியில் அறை அறையாகத் தூங்குகிறார்கள். எல்லாம் எப்படித் தொடங்கியது என்று கேட்கப் போனவனைப் பார்த்து எல்லாப் பாட்டிகளும் சிரிக்கிறார்கள்.

"தொந்தரவு பண்ணாம தூங்குறாங்கல்ல, அப்புறம் என்ன?" என்றார் அத்தை.

கடைசியில் ஒரு விற்பனையாளரிடம் அஞ்சு-ஆறு இருப்பதாகப் போட்டிருந்தது. அட்டைப்படம் இல்லாத விளம்பரம். பணம் கட்டினேன். பார்சலை அத்தைதான் வாங்கிப் பிரித்தார். உள்ளே மூணும் நாலும். ஏற்கெனவே அலமாரியில் இருப்பது. விற்றவர் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பி, புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். நல்ல மனுஷன். திட்டக்கூட வழியில்லை.

"ரெண்டு இருக்குல்ல? மாத்திக்க யாராவது இருப்பாங்க, கேளுங்க" என்றார் அத்தை. சேகரிப்பாளர்களிடம் கேட்டுவைத்தேன். ஒஹையோவிலிருந்து ஒருவர் எழுதினார். அவரிடம் அஞ்சு-ஆறு இரண்டு பிரதி இருக்கிறதாம்! ஆனால் மூணு-நாலு அவரிடமும் இருக்கிறது. அவருக்கு வேண்டியது ஒன்பது-பத்து. அதாவது நாவலின் முடிவு. என்னிடம் இருப்பதோ ஒரே ஒரு பிரதி.

அத்தை யோசிக்கவே இல்லை. "குடுத்துடுங்க மாப்பிள்ளை. எங்க பைண்டுல ஒரு தொடருக்குக் கடைசி வாரம் கிடையாது. முடிவை எங்கம்மாவே ஒண்ணு சொல்லுவா. நல்லாத்தான் இருக்கும்."

ஒஹையோக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்.