சேலையில் தொடங்கித் திரியில் முடியும் படப்புத்தகம்

மறுபயன்பாடு பற்றிய படப்புத்தகங்கள் பலவும் "குப்பை போடாதே" என்று புத்தி சொல்லித்தான் முடிகின்றன. அந்தப் பக்கம் வருவதற்குள் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். ஒரே பொருள் உருமாறிக்கொண்டே போகிற கதை என்றால் நகராமல் உட்கார்ந்து கேட்பார்கள். அமெரிக்கப் படப்புத்தக ஓவியர் சிம்ஸ் டேபக் அப்படி ஒன்று செய்தார். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழிப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த கதை அது. பழைய மேல்கோட்டு சின்னக் கோட்டாகி, கழுத்துத்துணியாகி, பொத்தான் வரை சுருங்கும். படப்புத்தக ஓவியத்துக்காக அமெரிக்காவில் தரும் கால்டெகாட் பதக்கத்தை 2000இல் வாங்கியது. அதில் தாளிலேயே துளை வெட்டியிருப்பார். அந்த உத்தியை நம் வீட்டுத் துணிக்குப் பயன்படுத்திப் பார்க்க ஆசைப்பட்டேன்.

நம் வீடுகளில் பருத்திச் சேலை நைந்தால் தூளி. அப்புறம் பாவாடை, தலையணை உறை, அடுப்படிப் பிடிதுணி, கடைசியில் விளக்குத் திரி. இதுதான் கதை.

முன்னட்டையின் உள்பக்கம் முழுக்கப் பழைய சுங்குடிச் சேலைத் துண்டு ஒன்றை ஒட்டினேன். முதல் தாளில் தூளி வடிவத்தில் துளை. தாளைப் புரட்டினால் அது இடப்பக்கம் போய்ச் சேலைமேல் படியும். துளைக்குள் மட்டும் சுங்குடிப் புள்ளிகள் தெரியும், தூளி வந்துவிடும். அடுத்த தாளில் பாவாடை, அதைவிடச் சின்னது. ஒவ்வொரு துளையும் முந்தையதற்குள் அடங்க வேண்டும். அதனால் திரியை முதலில் வரைந்து, அதைச் சுற்றிப் பிடிதுணி என்று பின்னாலிருந்து முன்னால் வந்தேன். துணி ஒன்றுதான், ஒட்டிய இடத்திலேயே இருக்கிறது.

தாள்களுக்கு மாதக் காலண்டர். அச்சுப் பக்கங்களை உள்ளே வைத்து இரண்டிரண்டாக ஒட்டினால் வெளியே வெள்ளையாக இருக்கும், நல்ல கனமும் கிடைக்கும். அட்டைக்குத் தினசரிக் காலண்டரின் அட்டை. பசை ஈரத்தில் அது ஒரு பக்கமாக வளையும்; வெளிப்பக்கமும் தாள் ஒட்டி, ராத்திரி முழுக்கச் செங்கல் ஏற்றி வைத்தால் நேராகிவிடுகிறது. மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகளின் புத்தகத்துக்குக் கூடவே கூடாது. புத்தக அலமாரியில் வசம்பு போட்டிருக்கிறேன்.

ஓரத்தில் கோணி ஊசியால் மூன்று ஓட்டை போட்டு நூலால் தைத்தேன். தையலை ஒட்டி ஒவ்வொரு தாளையும் கரண்டிக் காம்பால் அழுத்தி மடித்தால்தான் துளை துணிமேல் சரியாகப் படிகிறது. இந்த வேலைக்குத்தான் பொறுமை வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். "பாவாடை கிழிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டாங்களா?" என்று கேட்டால் "இல்லை!" என்று கத்துகிறார்கள். கடைக்குட்டி படத்தைப் பார்க்கவே இல்லை; துளைக்குள் விரலை விட்டுத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பாலியஸ்டர் சேலையைத் திரியாக்கலாமா என்று ஒருவன் கேட்டான். பருத்தி எண்ணெயை உறிஞ்சும், பாலியஸ்டர் தீயில் உருகிவிடும் என்றேன். அந்த வரியைப் புத்தகத்திலும் சேர்த்துவிட்டேன்.

"எங்க வீட்டுல இது கால்மிதி ஆச்சே, அது எங்க?" என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். நியாயமான கேள்வி. அடுத்த பிரதியைக் கெட்டி முடிச்சு இல்லாமல் சுருக்கு முடிச்சாகக் கட்டப்போகிறேன். நூலை அவிழ்த்து, தலையணை உறைக்கும் பிடிதுணிக்கும் நடுவில் அவளே ஒரு தாள் வெட்டிச் சேர்த்துக்கொள்ளட்டும்.