வரத்துக்காலைத் தேடி எடுத்த படங்கள்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளுக்கு 2012-ல் சீல் வைத்தார்கள். வெட்டுவது நின்றது, குழிகள் அப்படியே கிடக்கின்றன. கீழவளவுப் பக்கம் அந்தக் குழிகளைத்தான் முதலில் படம் எடுத்தேன். செங்குத்தாக அறுத்த பாறைச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஒரு ஊர் மந்தையில் கயிறு கட்டி மாட்டினேன். “அண்ணே, இங்க நின்னு போட்டோ எடுக்கலாமா?” என்று பிள்ளைகள் கேட்டபோது வயிறு கலங்கிவிட்டது. தவறி விழுந்தால் பிடித்து ஏற ஒரு விளிம்புகூட இல்லாத குழி அது. ஆபத்தை அழகாக்கிக் காட்டியது நான்தான்.

அங்கே உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருவர், “குழிய எதுக்குத் தம்பி எடுக்குற? எங்க வரத்துக்காலப் போய் எடு” என்றார். மறுநாள் விடியற்காலையில் அவரே கூட்டிப்போனார். வரத்துக்கால் என்றால் மலையிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் இறங்கும் கால்வாய். அது பாதியில் காணாமல் போயிருந்தது. மேலே கழிவுக் கற்கள் மலைபோல் குவிந்திருந்தன. ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும் வரிசையாகத் துளை போட்ட தடம். சில கற்களில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய எண் இன்னும் அழியவில்லை. அப்பத்தா ஒரு கல்லில் கை வைத்து நின்றார். கல் அவரைவிட உயரம். “முகம் தெரியட்டும், எடு” என்றார்.

உச்சிவெயிலில் அந்தத் துளைத் தடங்கள் தெரியவே தெரியாது. காலைச் சாய்வெளிச்சம் வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்கவில்லை என்றால் கல்லின் அளவும் புரியாது. ஐப்பசி மழையில் அதே இடத்தில், அதே லென்ஸோடு மறுபடி நின்றேன். ஓடிவந்த தண்ணீர் கற்குவியலில் முட்டித் திரும்பி ரோட்டில் வழிந்தது. கண்மாய் காய்ந்து கிடந்தது.

இரண்டு படங்களையும் சேர்த்து ஃப்ளெக்ஸ் அடித்தேன். அவற்றுக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டிக் கண்மாயின் படம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர் அது. மலை முழுசாக இருப்பதால் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது. குழிப் படங்களை நீக்கிவிட்டேன்.

ஜனவரி 26 கிராம சபையில் மாட்டியபோது யாரும் சூப்பர் என்று சொல்லவில்லை. “இந்த எடத்துலதான் நாங்க மீன் புடிப்போம்” என்று ஒருவர் விரல் வைத்துக் காட்டினார். கண்மாய் நிரம்பித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு கடைசியாக எப்போது வழிந்தது என்று பெரியவர்களுக்குள் தர்க்கம் வந்தது. புல வரைபடத்தில் கால்வாயின் சர்வே எண்ணைத் தேடி எடுத்து, கற்களை அகற்றக் கோரித் தீர்மானம் எழுதினார்கள்.

கற்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த ஐப்பசிக்கும் அதே இடத்தில் நிற்பேன். அப்பத்தாவிடம் சொல்லியாயிற்று.