சீனியர் வெல்டரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது

மணலி, திருவொற்றியூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு வகுப்பு எடுத்தால், பெரும்பாலும் அமெரிக்க மேலாண்மை ஆய்வாளர்கள் ஹெர்சியும் பிளான்சார்டும் 1969-ல் முன்வைத்த சூழல்சார் தலைமைக் கோட்பாடு வந்துவிடும். நாலு கட்டம்: தெரியாதவருக்குச் சொல்லிக் கொடு, பாதி தெரிந்தவருக்குக் காரணத்தோடு விளக்கு, தெரிந்தும் தயங்குகிறவரோடு சேர்ந்து முடிவெடு, தேறினவரிடம் விட்டுவிடு. ஆராய்ச்சியில் இதற்குக் கிடைத்த ஆதரவு அரைகுறைதான். புதியவர்களுக்குக் கறாரான வழிகாட்டல் வேண்டும் என்ற பகுதி மட்டும் ஓரளவு தேறியது. ஆனாலும் ஷாப் ஃப்ளோரில் பயன் உண்டு, ஒழுங்காகப் படித்தால்.

ஒழுங்காகப் படிக்காதவர்கள் ஆளுக்கு ஒரு கட்டம் ஒதுக்கிவிடுகிறார்கள். “அவருக்கு இருபது வருஷ சர்வீஸ், அவரை என்ன கேட்கிறது?” கோட்பாடு அளக்கச் சொல்வது குறிப்பிட்ட ஒரு வேலைக்கு ஒருவர் எவ்வளவு தயார் என்பதைத்தான். எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட்டில் ஃபில்லெட், அதாவது மூலை வெல்ட், போடுவதில் அவர் கில்லாடி, விட்டுவிடலாம். அதே ஆள் முதல்முறையாக ஸ்டெயின்லெஸ் பைப்புக்கு ரூட், அதாவது இணைப்பின் அடியில் வரும் முதல் வரிசை வெல்ட், போடப் போனால் பக்கத்தில் நின்று சொல்லித்தான் ஆகணும். குழாய்க்குள் ஆர்கான் வாயு ஓட்டாமல் போட்டால் பின்பக்கம் கருகிப் பொரிந்துவிடும். பெர்மிட் (வேலை தொடங்க அனுமதிச் சீட்டு) எழுதுவதோ அவருக்குத் தெரியும், பிடிக்காது. அங்கே பேச்சே வேறு. ஒரே ஷிஃப்ட், ஒரே மனிதர், மூன்று கட்டம்.

அதனால் ஒரு தாளில் இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள். பெயரும் வேலையும் சந்திக்கும் ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு குறி: செய்யத் தெரியுமா, முன்வருவாரா. முதல் குறியை வாயால் கேட்டுப் போடக்கூடாது. டெஸ்ட் பீஸ் பாஸ் ஆகியிருக்கணும், இல்லையென்றால் செய்ததை யாராவது பார்த்திருக்கணும். நீண்ட லீவு, புது மெஷின், புது மெட்டீரியல் வந்தால் குறி கீழேயும் இறங்கும்.

டெலிவரி நெருக்கும்போது இன்னொரு கோளாறு: சொல்லிக் கொடுப்பதிலிருந்து ஒரே தாவலில் விட்டுவிடுவது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வெல்டை எக்ஸ்ரே மாதிரி எடுக்கும் ரேடியோகிராஃபி ஃபிலிம் வந்த பிறகுதான் ரிப்பேர் வரிசை கட்டும். முதல் சில ஜாயிண்டுக்கு முழுக்க நில்லுங்கள், அடுத்ததில் ஃபிட்-அப்பையும் (வெல்டுக்கு முன் துண்டுகளைப் பொருத்தி நிறுத்துவது) ரூட்டையும் மட்டும் பாருங்கள், பிறகு முடிந்ததைப் பார்த்தால் போதும்.

காண்ட்ராக்ட் ஹெல்பர்கள் விஷயத்தில் தலைமையை ஆராய்ந்த உளவியலாளர் ஃபீட்லர்தான் உதவுவார். தலைவருக்குச் சூழல் எவ்வளவு சாதகம் என்பதை அவர் மூன்றை வைத்து அளந்தார்: உறவு, வேலையின் தெளிவு, பதவியின் அதிகாரம். கூலியும் லீவும் நாளைய வேலையும் மேஸ்திரி கையில் இருக்கும்போது சூப்பர்வைசரின் மூன்றாவது கணக்கு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஃபீட்லர் சொன்னது, ஆளின் பாணியை மாற்றுவதைவிடச் சூழலை மாற்றுவது சுலபம் என்று. காலை டூல்பாக்ஸ் டாக்கில் (வேலைக்கு முன் நின்றபடி நடக்கும் சின்னக் கூட்டம்) மேஸ்திரியையும் நிறுத்துங்கள். வேலையை அளவு, வரிசை, நிறுத்திக் காட்ட வேண்டிய இடம் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டாவது கணக்கு ஏறினால் மூன்றாவது அவ்வளவாக உறுத்தாது.

இவற்றைவிட உபயோகமான கோட்பாட்டை வகுப்புகள் தொடுவதே இல்லை. 1978-ல் கெர்ரும் ஜெர்மியரும் தலைமைக்கே மாற்றாக நிற்பவை உண்டு என்றார்கள், அதாவது சூப்பர்வைசர் சொல்லாமலேயே வேலையை ஒழுங்காக நடத்திவிடும் ஏற்பாடுகள். ஈரம் ஆகாத 7018 வெல்டிங் ராடை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவனிலிருந்து எடுத்துத் திறந்து வைத்தால் நாலு மணி நேரம்தான் கணக்கு. எண்ணூர்க் கடல்காற்றில் அதுவே தாராளம். ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய், மணிக்கணக்கு கழித்து, ஷிஃப்ட் கலைந்த பிறகு விரிசல் விடும். கத்திக் கத்திச் சொல்வது நைட் ஷிஃப்டில் நிற்காது. ஷெட்டின் ஒவ்வொரு பகுதியிலும் சூடான போர்ட்டபிள் ஓவன், முழுப் பாக்கெட்டாகத் தராத ஸ்டோர், எடுத்த நேரம் எழுதும் ரிஜிஸ்டர். இவை மூன்றும் இருந்தால் அந்த விஷயத்தில் சூப்பர்வைசர் வாய் திறக்கவே வேண்டாம்.

தலைமையைச் செல்லாக்காசாக்குகிறவையும் உண்டு என்று அதே இருவர் சொன்னார்கள். நம்மூரில் அது டன் ரேட். எடைக்குக் காசு என்று பேசிவிட்டு தரம் பற்றிப் பாடம் நடத்தினால் யார் கேட்பார்? பில்லில் ஒரு பங்கை இன்ஸ்பெக்‌ஷன் கிளியரன்ஸ் வரும்வரை நிறுத்தி வையுங்கள். ரிப்பேர் ஜாயிண்டுக்கு மறு கூலி கிடையாது என்பதையும், டிராயிங் மாறியதால் வந்த ரிப்பேருக்கு உண்டு என்பதையும், வேலை தொடங்கும் முன்பே ஆர்டரில் எழுதிவிடுங்கள்.