சும்மாதானே படுத்திருக்கே?

ஞாயிறு மதியம் மூன்று மணி. பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்போதுதான் பாயில் சாய்ந்தேன். பத்து வயது மகன் கேரம் போர்டோடு வந்து நின்றான்.

"அம்மா, சும்மாதானே படுத்திருக்கே? வா, விளையாடலாம்."

சும்மாவா! ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துவரச் சொன்னேன். "என் மண்டைக்குள்ள ஓடறதைச் சொல்றேன், எழுது."

சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்ததில் அடியில் நாலு விரல் அளவுக்குத்தான் ஈரம் காயாமல் நின்றது. புக் பண்ண வேண்டும். அது வருகிற நேரம் நான் ஆபீசில் இருப்பேன், டெலிவரி நம்பரைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவைக்க வேண்டும். கரண்ட் ரீடிங் எடுக்க இன்னும் பத்து நாள்; இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு. தண்ணி கேன். இவன் ஷூவில் கட்டைவிரல் முட்டுகிறது. போன மாதம் நகை அடகு வட்டியை மறந்து, அதற்கு வட்டி ஏறியது. "நீங்களாவது ஞாபகப்படுத்தியிருக்கலாமே" என்று சண்டை போட வீட்டில் இன்னொரு ஆளா இருக்கிறார்?

பதினேழாவதில் பேனாவை வைத்துவிட்டான். "கை வலிக்குதும்மா. மீதியை நாளைக்குச் சொல்லு."

"சரி, இதுல ஒண்ணே ஒண்ணை நீ ஞாபகம் வச்சுக்கோ. அரிசியும் உளுந்தும் ஊறுது. ஆறு மணிக்கு மாவாட்டணும்னு எனக்குச் சொல்லு."

அப்புறம்தான் வேடிக்கை. மூன்றே முக்காலுக்கு "ஆறு ஆச்சா?" என்றான். கார்ட்டூனைப் பாதியில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தான். கீழே கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்ட பையனிடம், "எனக்கு வேலை இருக்குடா" என்று பால்கனியிலிருந்து பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னான். ஊறுகிற பாத்திரத்தை நாலு தடவை திறந்து பார்த்தாகிவிட்டது. உளுந்து எழுந்து ஓடிவிடுமா என்ன? நான் நிம்மதியாக ஒரு மணி நேரம் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே உலுக்கி எழுப்பினான்.

"அம்மா, மாவு! சொல்லிட்டேன். இனிமே நான் மறந்துடலாமா?"

மறந்துக்கோ ராசா என்றேன். அடுத்த நொடி படியில் தடதடவென்று சத்தம்.

கிரைண்டரைப் போட்டுவிட்டு, அவன் எழுதிய தாளைக் கிழித்து ஃபிரிட்ஜில் ஒட்டப்போனேன். கடைசி வரி நான் சொன்னதில்லை.

"18. கேரம் பவுடர் தீர்ந்துபோச்சு. அம்மா வாங்கணும்."